வாசகர் கேள்வி – பதில்: முட்டைக்கு முன் தீனி

கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் வாசகர்கள் சிலர் கோமாளி மீன்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். கேள்விகள் ஒன்றையொன்று தொட்டு நிற்பதால், இம்முறை அவற்றுக்கு மட்டுமே பதில் தருகிறோம்.

கேள்வி: ஆண், பெண் ஜோடி என்று சொல்லி இரண்டு கோமாளி மீன் குஞ்சுகளை எனக்கு விற்றார்கள். இரண்டும் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியவை. உண்மையிலேயே அவை ஜோடிதானா?

பதில்: இன்னும் இல்லை, ஆனால் ஆகிவிடும். இந்த வயதுக் குஞ்சுகளில் ஆண் என்றும் பெண் என்றும் எதையும் சுட்டிச் சொல்ல இயலாது. கோமாளி மீன்களில் ஒரு குழுவில் எது பெரியதாகி மற்றவற்றை அடக்கி ஆள்கிறதோ அது பெண்ணாகிறது. அதற்கு அடுத்தது ஆணாக நிலைபெறுகிறது. மீதமுள்ளவை உடல் சிறுத்துத் தம் முறைக்காகக் காத்திருக்கின்றன. பெண் இறந்தால் ஆண் பெண்ணாக மாறி, காத்திருந்தவற்றுள் பெரியது ஆணின் இடத்துக்கு வரும். ஒருமுறை பெண்ணானது திரும்ப ஆணாவதில்லை. எனவே இளம் மீன்கள் இரண்டை ஒன்றாக விட்டு வளர்ப்பதே நல்ல வழி. வளர்ந்த மீன்களைத் தனித்தனியே வாங்கிச் சேர்த்தால், இரண்டுமே பெண்ணாக அமைந்து, ஒன்று மற்றதைக் கொன்றுவிடக்கூடும்.

சில வாரங்களில் இவற்றில் ஒன்று மற்றதைவிட வேகமாக வளர்வதைக் காண்பீர்கள். சிறியது பெரியதன் முன் சென்று உடலை ஒருக்களித்துக் கிடுகிடுவென்று நடுங்கும். வலிப்பு வந்துவிட்டதோ என்று பதறிக் கடிதம் எழுதியவர்கள் உண்டு. அது நோயன்று, பணிந்துவிட்டேன் என்று அறிவிப்பதே. அந்த நடுக்கத்தைக் கண்ட நாளிலிருந்து அவற்றை ஜோடி என்று கொள்ளலாம். முட்டைக்கோ ஓராண்டுக்கு மேலும் காத்திருக்க நேரலாம்.

கேள்வி: கடற்சாமந்தி இல்லாமல் இவை முட்டையிடுமா?

பதில்: இடும். கடலில் கோமாளி மீன்கள் குடியிருக்கும் பூப்போன்ற உயிரியான கடற்சாமந்தியை வளர்ப்பது கோமாளி மீனை வளர்ப்பதைவிடக் கடினம். குஞ்சுகளுக்காக மட்டும் அதை வாங்க வேண்டியதில்லை. பக்கவாட்டில் சாய்த்து வைத்த ஒரு சிறிய மண்தொட்டியோ, கண்ணாடிச் சுவரில் சாய்த்த ஓடோ போதும். வெப்பநிலை 26 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரையிலும், உப்பு ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் என்ற அளவிலும் ஏற்ற இறக்கமின்றி நிற்க வேண்டும் என்பதே முக்கியம்.

கேள்வி: என் மீன்கள் இதுவரை மூன்று முறை முட்டையிட்டன. மூன்று முறையும் ஓரிரு நாளில் முட்டைகள் காணாமற்போயின. தின்றுவிடுகின்றன என்று நினைக்கிறேன். என்ன செய்வது?

பதில்: ஒன்றும் செய்ய வேண்டாம். புதிய ஜோடி முதற்சில ஈடுகளைத் தின்பது வழக்கம். கருக்கொள்ளாத முட்டைகளையும் பூஞ்சை பிடித்தவற்றையும் தேர்ந்து தின்பது தந்தையின் கடமைகளுள் ஒன்றுங்கூட. பழகிய பின்னர் அது மார்புத் துடுப்புகளால் முட்டைகளுக்கு விசிறிக்கொண்டும், வாயால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டும் நாள் முழுதும் அங்கேயே நிற்பதைப் பார்க்கலாம். நன்கு உண்ணும் ஜோடி ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை முட்டையிடும் என்பதால், மூன்று ஈடுகள் போனது இழப்பே அன்று. அந்த நாள்களை வேறொன்றுக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அடுத்த பதிலையும் படியுங்கள்.

கேள்வி: ஒரு காலையில் தொட்டியின் மேற்பரப்பில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் நீந்தக் கண்டேன். அவற்றைத் தனித் தொட்டிக்கு மாற்றி, மாவாகப் பொடித்த மீன் தீனியும் வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவும் கொடுத்தேன். மூன்றாம் நாள் மாலைக்குள் அத்தனையும் இறந்துவிட்டன. தண்ணீரில் குறையா, என் கைராசியா?

பதில்: கைராசியைக் குற்றம் சொல்லாதீர்கள். குஞ்சுகள் பட்டினியால் இறந்திருக்கின்றன. தின்னப்படாத மஞ்சள் கரு அழுகி, எஞ்சியவற்றுக்கு அம்மோனியாவை ஊட்டியிருக்கும்.

முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சின் நீளம் மூன்று, நான்கு மில்லிமீட்டர். வாயோ ஊசிமுனை அளவு. தன் கண்முன் அசைவதை மட்டுமே அது இரையென்று அறியும். பொடித் தீனி அதற்கு வெறும் தூசு. அதற்கு ஏற்றது ரோட்டிஃபர் எனப்படும் நுண்ணுயிரி. அதன் அளவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று முதல் மூன்று பங்கு வரை இருக்கும். குஞ்சுத் தொட்டியில் ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து ரோட்டிஃபர் இருந்தால்தான் குஞ்சு தேடி அலையாமல் தின்னும். 20 லிட்டர் தொட்டியில் இந்தக் கணக்கு இரண்டு லட்சம் வரும். எண்ணைக் கண்டு மலைக்க வேண்டாம்; நன்றாகப் பெருகிய வாளியில் மில்லிலிட்டருக்கு நூறு என்ற அளவை எளிதில் எட்டலாம் என்பதால், 10 லிட்டர் வாளியில் பத்து லட்சம் இருக்கும். நாளுக்குக் கால் பங்கு வடித்தெடுத்தாலும் அது தன்னை நிரப்பிக்கொள்ளும்.

வாளியில் கடல்நீரைவிடச் சற்றே உப்புக் குறைந்த நீரை நிரப்பி, காற்றுக் குழாயைப் பெருங்குமிழிகள் மெதுவாக எழும்படி இட்டு, நானோகுளோராப்சிஸ் என்னும் பச்சைப் பாசியைத் தீனியாகக் கொடுக்க வேண்டும். நீர் இளம்பச்சையாக இருந்தால் வயிறு நிறைந்திருக்கிறது, வெளுத்துவிட்டால் பசிக்கிறது. ஒரு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் எடுத்து டார்ச் ஒளியில் பிடித்தால், சாளர வெயிலில் மிதக்கும் தூசு தானே நீந்தத் தொடங்கியது போலத் தெரியும். வடித்த நீரைக் குஞ்சுத் தொட்டியில் ஊற்றாமல், 50 மைக்ரான் வலையில் வடிகட்டி உயிரிகளை மட்டும் சேர்ப்பது நலம்.

வாளிகள் இரண்டு வேண்டும். காற்றுக் குழாயின் திருகை ஓர் இரவு நானே மறந்து மூடிவிட்டு, காலையில் வாளி முழுவதும் அழுகிய நாற்றத்துடன் கிடந்ததைப் பார்த்தேன். குஞ்சுகள் பொரித்ததும் அதே இரவில்தான். ஒற்றை வாளியை நம்புகிறவர்களுக்கு இதற்கு மேல் நான் சொல்வதற்கில்லை. ரோட்டிஃபர் வாளி இரண்டு வாரமாவது தடையின்றி ஓடிய பிறகே முட்டைகளை எடுக்க நினையுங்கள். ஜோடியையும் தொட்டியையும் பற்றி மாதக்கணக்கில் விசாரிக்கிறவர்கள் இந்த வாளியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை என்பது என் வருத்தம்.

கேள்வி: முட்டைகள் எப்போது பொரியும் என்பதை முன்கூட்டியே அறிய வழி உண்டா? குஞ்சுகளைப் பிடிக்காமல் மாற்ற இயலுமா?

பதில்: உண்டு. முட்டைகள் முதலில் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். நாளடைவில் கருத்து, பின்னர் ஒவ்வொன்றிலும் இரண்டு வெள்ளிப் புள்ளிகள் மின்னும். அவை குஞ்சின் கண்கள். வெப்பநிலையைப் பொறுத்து ஏழாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையே, விளக்கணைந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் பொரிக்கும். கண்கள் பளிச்சென்று மின்னும் நாளின் மாலையில் முட்டையிட்ட ஓட்டினை நீரிலிருந்து வெளியே எடுக்காமல், நீர் நிறைந்த பாத்திரத்தோடு குஞ்சுத் தொட்டிக்கு மாற்றுங்கள். அத்தொட்டியிலும் பெற்றோர் தொட்டியின் நீரே இருக்க வேண்டும். தந்தை விசிறியதற்கு ஈடாக முட்டைகள் மெல்ல அசையும்படி அருகில் காற்றுக் குமிழிகளை விட்டு, தொட்டியை முழு இருளில் மூடுங்கள். தொட்டியின் பக்கங்களில் கறுப்புத் தாள் ஒட்டுவது அவசியம். இல்லையெனில் குஞ்சுகள் வெளிச்சம் நோக்கிப் போய்க் கண்ணாடியில் முட்டிக்கொண்டே மடியும்.

கேள்வி: எட்டு நாள் வரை நன்றாக இருந்த குஞ்சுகள் ஒன்பதாம் நாளிலிருந்து கொத்துக்கொத்தாக இறக்கின்றன. காரணம் என்ன?

பதில்: குஞ்சு உருமாறும் பருவம் அது. மேலே மிதந்து திரிந்தது அடிக்கு இறங்குகிறது, உடல் தடிக்கிறது, தலைக்குப் பின்னால் முதல் வெள்ளைப் பட்டை எழுகிறது. இந்த மாற்றத்துக்கு வேண்டிய கொழுப்புச் சத்து ரோட்டிஃபர் தின்ற பாசியிலிருந்துதான் வர வேண்டும். வெறும் ஈஸ்ட் கொடுத்து வளர்த்த ரோட்டிஃபரில் அது இராது. இரண்டாவது காரணம் அம்மோனியா. குஞ்சுத் தொட்டியில் முதல் நாள்களில் வடிகட்டி இயங்காது என்பதால், நாள்தோறும் அடியைக் குழாயால் உறிஞ்சி, எடுத்த அளவுக்குப் பெற்றோர் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஏறக்குறைய ஏழாம் நாளிலிருந்து அன்றன்று பொரித்த ஆர்ட்டீமியா என்னும் மிகச்சிறிய இறால்வகைக் குஞ்சுகளைச் சிறிது சேர்க்கலாம். ரோட்டிஃபரை உடனே நிறுத்திவிடாதீர்கள். பின்தங்கிய குஞ்சுகளுக்கு அது இன்னும் சில நாள் தேவைப்படும்.

கேள்வி: பட்டை வந்த குஞ்சுகளைத் தாய் தந்தையுடன் விடலாமா?

பதில்: கூடாது. அவற்றுக்கு இவை பிள்ளைகளல்ல, இடத்துக்குப் போட்டியாக வந்தவை, துரத்திக் கொன்றுவிடும். கடலிலும் குஞ்சுகள் நீரோட்டத்தில் விலகிப்போய் வேறு கடற்சாமந்தியில்தான் குடியேறுகின்றன. சிறு நுரைவடிகட்டி உள்ள தனித் தொட்டியில் கூட்டமாக வையுங்கள். எண்ணிக்கை மிகுதியாக இருக்கும்போது கடி பரவலாகி எதுவும் தனியே வதைபடாது. குறைந்துகொண்டே வந்து நான்கைந்தாகிவிட்டால் பிரித்து வைப்பது நல்லது.