ஒத்துவாக்கியம் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு: கேட்டதும் சொன்னதும்

வேதம் வாசிக்கும்போது ஒத்துவாக்கியங்களை, அதாவது ஒரு வசனத்தோடு ஒத்துப்போகும் வேறு வசனங்களை, எப்படிப் பார்ப்பது, எங்கே தொடங்குவது என்று பலர் கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே எடுத்திருக்கிறேன்.

கேள்வி: அக்கா, என் வேதாகமத்தில் வசனத்துக்கு நடுவே பொடி எழுத்து, ஓரத்தில் பத்தி பத்தியாக எண்கள். இவை மூலத்திலேயே இருந்தவையா?

பதில்: இல்லை தம்பி. அதிகாரப் பிரிப்பே 13-ஆம் நூற்றாண்டில் வந்ததுதான். இங்கிலாந்துப் பேராயர் ஸ்டீபன் லாங்டன் செய்தது என்பார்கள். புதிய ஏற்பாட்டில் இன்று நாம் பார்க்கும் வசன எண்கள், ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர் 1551-இல் வெளியிட்ட கிரேக்கப் பதிப்பில் வந்தவை. ஆனால் ஒத்த இடங்களைத் தேடிப் பார்க்கும் வழக்கம் அதைவிட ரொம்பப் பழசு. 4-ஆம் நூற்றாண்டிலேயே செசரியா நகரத்துப் பேராயர் யூசேபியஸ், நான்கு சுவிசேஷங்களையும் சிறு பகுதிகளாக எண்ணிட்டு, எந்தப் பகுதி எந்தெந்தச் சுவிசேஷத்தில் வருகிறது என்று 10 அட்டவணைகள் போட்டு வைத்தார்.

ஓரத்தில் இருப்பது நமக்கு முன்னால் வாசித்த யாரோ ஒருவர் காட்டிய வழி. அதனால்தான் ஒரு பதிப்பில் இருக்கும் ஒத்துவாக்கியம் இன்னொன்றில் இருப்பதில்லை. நன்றியோடு பயன்படுத்துங்கள், ஆனால் வசனத்துக்கு உள்ள அதிகாரத்தை ஓரத்து எண்ணுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்கலாம்? ஆதியாகமத்திலிருந்தே போகலாமா?

பதில்: வேண்டாம். யாக்கோபு நிருபத்தை எடுங்கள். 5 அதிகாரம், 108 வசனம். ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். இந்தச் சின்ன நிருபத்துக்குள் வேதத்தின் பல மூலைகள் வந்து சேர்கின்றன. 5:12-ஐ மத்தேயு 5:34-37 பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும்" என்று ஒரே குரல். யாக்கோபு மலைப்பிரசங்கத்தை (மத்தேயு 5-7) மனதில் வைத்தே எழுதுகிறார் என்பது இரண்டு மூன்று இடம் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

பிறகு லேவியராகமம் 19-க்குப் போங்கள். பிறனை நேசிப்பது (2:8) அங்கே 18-ஆம் வசனம். பட்சபாதம் (2:9) அங்கே 15. கூலியைப் பிடித்து வைப்பது (5:4) அங்கே 13. வறண்ட புத்தகம் என்று பலரும் தாண்டிப்போகும் லேவியராகமத்தின் ஒரே அதிகாரம் யாக்கோபின் கையில் இவ்வளவு பேசுகிறது.

5:17-இல் எலியா வருகிறார். அதற்கு 1 இராஜாக்கள் 17, 18 இரண்டையும் முழுதாக வாசியுங்கள். மழைக்காக அவர் குனிந்த விதம் 18:42-இல் இருக்கிறது: முகம் முழங்காலில் படும்படி. வேலைக்காரனைக் கடல் பக்கம் பார்த்துவர ஏழு தரம் அனுப்புகிறார். கடைசியில் ஒரு மனுஷன் உள்ளங்கையளவு மேகம். "கருத்தாய் ஜெபம்பண்ணினான்" என்று யாக்கோபு சொல்வதற்கு இதைவிட நல்ல விளக்கவுரை கிடைக்காது.

கேள்வி: ஒரு வசனத்திலிருந்து இன்னொன்று, அதிலிருந்து வேறொன்று என்று போய், கடைசியில் நாளாகமத்தில் நிற்கிறேன். எங்கே தொடங்கினேன் என்பதே மறந்துபோகிறது!

பதில்: எல்லாருக்கும் நடப்பதுதான். ஒரு தாவலுக்கு மேல் போகாதீர்கள். ஒத்துவாக்கியத்துக்குப் போய், அதன் முன்னும் பின்னும் உள்ள பத்தியை வாசித்து, தொடங்கின இடத்துக்கே திரும்புங்கள். அங்கிருந்து வேறு எங்கோ போகத் தோன்றினால் எண்ணை மட்டும் குறித்து வைத்துக்கொண்டு நாளைக்குப் போங்கள். ஒரு பத்திக்கு இரண்டு மூன்று இடம் போதும்.

கேள்வி: ஒரு ஒத்துவாக்கியம் உண்மையிலேயே பொருந்துகிறதா, சும்மா போட்டிருக்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இதுதான் முக்கியமான கேள்வி. "இந்த இரண்டு இடங்களையும் சேர்த்துக் கட்டுவது எது?" என்று கேட்டு, பதிலை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லையென்றால் அந்த இணைப்பை விட்டுவிடுங்கள்.

கட்டுகளில் உறுதியானது நேரடி மேற்கோள். "எழுதியிருக்கிறதே" என்று புதிய ஏற்பாடு சொல்லும் இடங்களிலிருந்து தொடங்கினால் தவறிப்போக வாய்ப்புக் குறைவு. அடுத்தது, ஒரே சம்பவத்தை இருவர் சொல்வது. அதற்கடுத்தது ஒரே போதனை. ஒரே சொல் வருகிறது என்பது எல்லாவற்றிலும் பலவீனமான கட்டு.

மேற்கோளிலும் கவனம் வேண்டும். மத்தேயு 4:6-இல் சோதனைக்காரனே வசனம் சொல்கிறான். சங்கீதம் 91:11, 12. அங்கே போய்ப் பாருங்கள். "உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி" என்ற பகுதியை அவன் சொல்லவே இல்லை. அவன் நிறுத்தின இடத்துக்கு அடுத்த வசனம் வலுசர்ப்பத்தை மிதித்துப்போடுவதைப் பற்றியது! இயேசுவோ "என்றும் எழுதியிருக்கிறதே" என்று உபாகமம் 6:16-ஐ எடுத்து வைக்கிறார். அந்த வசனம் மாசாவைச் சொல்கிறது. அது யாத்திராகமம் 17-இல் தண்ணீருக்காக ஜனங்கள் கர்த்தரைப் பரீட்சை பார்த்த இடம். மத்தேயுவின் அந்த அதிகாரத்தில் அவர் சொன்ன மூன்று பதில்களும் உபாகமம் 6, 8 அதிகாரங்களிலிருந்து வந்தவை. வனாந்தரத்தில் இஸ்ரவேல் தோற்ற இடங்களை நினைவூட்டுபவை. வசனத்துக்கு வசனத்தை வைத்துப் பார்ப்பது எப்படி என்பதற்கு இந்த ஒரு பகுதியே போதும்.

கேள்வி: செயலியில் தேடினால் ஒரு நொடியில் எல்லா வசனமும் வந்துவிடுகிறதே, அது போதாதா சிஸ்டர்?

பதில்: தேடல் சொல்லைக் கொண்டுவரும், பொருளைக் கொண்டுவராது. "சிங்கம்" என்று தேடுங்கள். 1 பேதுரு 5:8-இல் கெர்ச்சிக்கிற சிங்கம் பிசாசு. வெளிப்படுத்தல் 5:5-இல் யூதா கோத்திரத்துச் சிங்கம் கிறிஸ்து. இரண்டையும் கட்டினால் என்ன ஆகும்? புளித்தமாவும் அப்படித்தான்: மத்தேயு 13:33-இல் பரலோகராஜ்யத்துக்கு உவமை, 16:6-இல் எச்சரிக்கை.

பெயர்களிலும் பார்த்துப் போங்கள். மத்தேயு 2-இல் பிள்ளைகளைக் கொன்ற ஏரோது வேறு, யோவான்ஸ்நானனைக் கொன்ற ஏரோது வேறு, அப்போஸ்தலர் 12-இல் வரும் ஏரோது வேறு.

கேள்வி: கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலேயே மனுஷன் நீதிமானாக்கப்படுகிறான் என்கிறது ரோமர் 3:28. விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் என்கிறது யாக்கோபு 2:24. இரண்டும் நேருக்கு நேர் மோதுகின்றனவே. ஒத்துவாக்கியம் பார்த்ததால் குழப்பம்தான் கூடியிருக்கிறது.

பதில்: மோதுகிற இடத்தில்தான் இந்தப் பழக்கம் கைகொடுக்கும். இருவரும் ஒரே வசனத்தைத்தான் எடுக்கிறார்கள்: ஆதியாகமம் 15:6. பவுல் ரோமர் 4:3-இல், யாக்கோபு 2:23-இல். அப்படியானால் ஆதியாகமத்துக்கே போய்விடுவோம்.

15-ஆம் அதிகாரத்தில் ஆபிராம் விசுவாசித்தான், அது நீதியாக எண்ணப்பட்டது. அப்போது இஸ்மவேல்கூடப் பிறக்கவில்லை. 16:16-இல் அவன் பிறக்கும்போது ஆபிராமுக்கு 86 வயது. 17:24-இல் விருத்தசேதனம் பெறும்போது 99. ஆகவே நீதி எண்ணப்பட்டது விருத்தசேதனத்துக்குக் குறைந்தது 13 வருஷம் முன்னால். ரோமர் 4:10-இல் பவுல் கேட்பது இதைத்தான்: எப்பொழுது எண்ணப்பட்டது? முன்னா, பின்னா?

யாக்கோபு அந்த வசனத்தோடு சேர்த்து எடுப்பது (2:21) ஆதியாகமம் 22-ஆம் அதிகாரம், ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப்போன இடம். ஈசாக்கு பிறந்து, வளர்ந்து, விறகைச் சுமந்து மலை ஏறுகிற காலம். 15-இல் சொன்ன வார்த்தை அங்கே நிறைவேறிற்று என்கிறார். பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று சொல்லி, வாயளவு விசுவாசத்தோடு அவர் வழக்காடுகிறார். ஒருவர் வாசலைப் பற்றிப் பேசுகிறார், மற்றவர் உள்ளே போனவன் நடக்கும் நடையைப் பற்றி. இது என் வாசிப்பு. சபை வரலாற்றில் இதைப் பற்றிப் பெரிய வாதங்களே நடந்திருக்கின்றன. ஆனால் ஆதியாகமத்தைத் திறக்காமல் இந்த வாதத்துக்குள் இறங்காதீர்கள்.

கேள்வி: நான்கு சுவிசேஷங்களிலும் ஒரே கதை வந்தால் நான்கையும் வாசிக்க வேண்டுமா?

பதில்: கண்டிப்பாக. ஐயாயிரம் பேருக்கு உணவளித்தது நான்கிலும் இருக்கிறது. மாற்கு 6:39 பசும்புல்லைச் சொல்கிறது. யோவான் 6:4 பஸ்கா சமீபமாயிருந்தது என்கிறது. பஸ்கா வருவது வசந்தகாலத்தில், பசும்புல் இருக்கும் காலம். அப்பங்கள் வாற்கோதுமை அப்பங்கள் என்பதும், ஒரு பையன் கையில் இருந்தவை என்பதும் யோவானில் மட்டும். அந்த வாற்கோதுமை உங்களை 2 இராஜாக்கள் 4:42-44-க்குக் கொண்டுபோகும்: எலிசா, 20 அப்பம், 100 பேர், "இதை எப்படி வைப்பேன்" என்று கேட்கும் பணிவிடைக்காரன், கடைசியில் மீதி. நான்கையும் கலந்து ஒரே கதையாக்கிவிடாமல், ஒவ்வொருவரும் எதைக் கவனித்தார் என்று தனித்தனியாகப் பாருங்கள்.

கேள்வி: ஆவியானவர் போதிப்பார் என்று இருக்கும்போது இந்த எண் விளையாட்டு எதற்கு?

பதில்: அப்போஸ்தலர் 17:11-இல் பெரோயா ஊரார் பவுல் சொன்னதையே தினந்தோறும் வேதவாக்கியங்களில் ஆராய்ந்து பார்த்தார்கள். அதற்காக அவர்களை நற்குணசாலிகள் என்கிறது வேதம். உயிர்த்தெழுந்த கர்த்தரும் எம்மாவுக்குப் போகிற வழியில் மோசே முதல் தீர்க்கதரிசிகள் எல்லாரையும் எடுத்துக் காட்டித்தான் விளக்கினார்.

கேள்வி: வெளிப்படுத்தல்?

பதில்: தானியேல், எசேக்கியேல், சகரியா மூன்றையும் ஒரு தரமாவது முழுதாக வாசித்துவிட்டு வாருங்கள். பிறகு பேசலாம்.

கேள்வி: பார்த்ததை எப்படிக் குறித்து வைப்பது? மெல்லிய தாள், பேனா மை அடுத்த பக்கம் ஊறுகிறது.

பதில்: வேதாகமத்தில் பென்சிலால் எண் மட்டும். காரணத்தை நோட்டில் எழுதுங்கள். இரண்டு பக்கமும் குறிக்க வேண்டும்: யோவான் 3:14 ஓரத்தில் எண் 21:9 என்று எழுதினால், எண்ணாகமம் 21:9 ஓரத்தில் யோவா 3:14 என்றும் எழுதுங்கள். நோட்டில் இப்படி: "வெண்கல சர்ப்பம். எண் 21: கம்பத்தில் உயர்த்தினது, பார்த்தவன் பிழைத்தான். யோவா 3:14, 12:32-33: உயர்த்தப்படுவது என்றால் சிலுவை மரணம். 2 இரா 18:4: அதே சர்ப்பத்துக்கு ஜனங்கள் தூபங்காட்ட, எசேக்கியா உடைத்துப்போட்டான்." கடைசி வரியைப் பலர் விட்டுவிடுவார்கள், நீங்கள் விடாதீர்கள். பென்சில் ரொம்பக் கூராக இருந்தாலும் அந்தத் தாள் கிழியும். கொஞ்சம் மழுங்கினதே நல்லது.