சீனி யாருக்கு?

கேள்வி: கால் இழந்த அண்ணரோடு தேத்தண்ணிக் கடைக்குப் போனால், அவரை விட்டுவிட்டு என்னிடம், "இவருக்குச் சீனி போடுறதோ?" என்று கேட்கிறார்கள். இப்படியான சின்னச் சின்ன அவமதிப்புகளுக்கு என்ன செய்வது?
- வாசகி ஒருவர், சாவகச்சேரி

பதில்: முதலில் சீனி. பனை நிறைந்த ஊரில் பிளேன்ரீக்குள் சீனியைக் கொட்டிக் கலக்குவது என்ன பழக்கம் என்று இந்தப் பக்கத்தில் பல காலமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். வெள்ளவத்தை வாசகர் ஒருவர், "ஆசிரியர் பனங்கட்டி வியாபாரம் தொடங்கிவிட்டாரோ?" என்று எழுதினார். தொடங்கவில்லை. ஆனால் பாருங்கள், ஒரு குட்டான் பனங்கட்டியை உடைத்து மேசையில் வைத்தால் அவரவர் கடித்துக் கடித்துக் குடிக்கலாம். யாருக்கு எவ்வளவு இனிப்பு என்று யாரும் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. உங்கள் பிரச்சினையில் பாதி அங்கேயே தீர்ந்தது. (சலரோகக்காரர் என் பேச்சைக் கேட்டுப் பனங்கட்டியில் கைவைக்க வேண்டாம். அதுவும் இனிப்புத்தான்.)

மற்றப் பாதி நீங்கள். கடைக்காரர் கேட்டதும் என்ன சொன்னீர்கள் என்பதை எழுதவில்லையே! "ஒரு கரண்டி போடுங்கோ" என்றுதானே? இனிமேல் கூரையைப் பாருங்கள், சுவரிலுள்ள லட்சுமி படத்தைப் பாருங்கள், வாயை மட்டும் திறக்காதீர்கள். வேறு வழியில்லாமல் மனிதர் அண்ணரிடம் திரும்புவார். அண்ணருக்குப் போனது கால். நாக்கு இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

கால் போனவர்களைப் பார்த்துப் பழகாத ஊரா இது? யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிறுவனம் 1987இலிருந்து இங்கே செயற்கைக் கால் பொருத்துகிறது. அப்படியிருந்தும் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர், பெயர் கேட்க முதலே, "ஷெல்லோ, மிதிவெடியோ?" என்பார். "சலரோகம்" என்று பதில் வந்தால் அவர் முகம் சுருங்கிவிடும். பாவம், கதை கேட்க ஆயத்தமாக இருந்தவர்.

சட்டம் இல்லாமலும் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 2006இல் வந்த ஒழுங்குவிதிகள், ஏற்கெனவே கட்டிய பொதுக் கட்டடங்களை அவர்கள் வந்துபோக வசதியாகத் திருத்த 3 வருட அவகாசம் கொடுத்தன. எங்கள் அலுவலகங்கள் பலவற்றில் அந்த 3 வருடம் இன்னும் முடியவில்லை. சாய்தளம் கட்டிய இடங்களில் அதன் அடியில் மோட்டார் சைக்கிள் நிற்கும். எடுக்கச் சொன்னால், "இந்தா, ரெண்டு நிமிசம்."

அப்புறம் டிசம்பர் 3ஆம் திகதி, மாற்றுத்திறனாளிகள் தினம். எனக்கு விழா மேடைகளோடு உள்ள பகை உங்களுக்குத் தெரியும். ஆறு படி வைத்து மேடை போடுவார்கள். கௌரவிக்கப்படுபவர் கீழே சக்கர நாற்காலியில் இருப்பார். பிரதம விருந்தினர் பெருமனதோடு இறங்கி வந்து பொன்னாடை போர்த்துவார். கைதட்டல் விருந்தினருக்கு, இறங்கி வந்ததற்காக! அண்ணருக்கும் ஓர் அழைப்பு வந்தால், மேடைக்குச் சாய்தளம் உண்டா என்று தொலைபேசியில் கேட்கட்டும். அவர் கேட்கட்டும், நீங்கள் அல்ல.