கதவைச் சீவ அவசரப்படாதீர்கள்

மே மாதம் தென்மேல் பருவமழை இறங்கிவிட்டால், வீட்டுப் பழுதுகள் பற்றிக் கொழும்புப் பக்கமிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் தண்ணீரைப் பற்றியதாகவே இருக்கும். இந்த முறையும் அப்படித்தான். எதையும் வாங்குவதற்கு முன், உடைப்பதற்கு முன், ஈரம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளாவது பொறுத்துப் பாருங்கள்.

மழைக்காலம் வந்தால் அறைக் கதவு இறுகி, இடித்துத்தான் சாத்த வேண்டியிருக்கிறது. தச்சு பாஸ் விளிம்பைச் சீவிவிடலாம் என்கிறார். சீவலாமா? (தெஹிவளை)

இப்போது வேண்டாம். மரம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து அகலவாக்கில் உப்பியிருக்கிறது. இன்றைய அளவுக்குச் சீவினால், தை மாசியில் மரம் காய்ந்து சுருங்கும்போது கதவுக்கும் நிலைக்கும் நடுவே நீக்கல் விழும். சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

குற்றம் மழையில்தானா என்பதையும் பார்க்க வேண்டும். கதவைப் பாதி திறந்து, கைபிடியைப் பிடித்து மெல்ல மேலே தூக்குங்கள். மேல் பிணைச்சல் ஆடுகிறதா? அப்படியென்றால் கதவு உப்பவில்லை, தொங்குகிறது. ஸ்குரூவைக் கழற்றி, தலை கிள்ளிய தீக்குச்சிகள் இரண்டு மூன்றை மரப்பசையில் தோய்த்துத் துளைக்குள் இறுக்குங்கள். மறுநாள் பசை காய்ந்ததும் அதே ஸ்குரூவைப் பூட்டினால் பிடித்துக்கொள்ளும்.

பிணைச்சல் சரியாக இருந்தால், விளிம்பில் சோக் பூசிக் கதவை ஒரு தடவை சாத்தித் திறவுங்கள். உரசும் இடத்தில் சோக் அழிந்திருக்கும். அந்த இடத்தில் மட்டும் மெழுகுதிரியை நன்றாகத் தேய்த்தால் மழை முடியும் வரை சமாளிக்கலாம். அப்புறம், வெயில் காலத்தில் கதவைக் கழற்றி, மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் தடவிப் பாருங்கள். பல வீடுகளில் அந்த இரண்டு இடமும் பெயின்ட் படாத வெறும் மரமாகவே இருக்கும். ஈரம் நுழையும் வழி அதுதான். இரண்டு கோட் அடித்து அடைத்துவிடுங்கள்.

மூன்றாம் மாடி வீடு. படுக்கையறைச் சுவரில் பெயின்ட் கொப்புளித்து உதிர்கிறது. இரண்டு தடவை பட்டி வைத்துப் பூசியும் திரும்ப வந்துவிட்டது. (வெள்ளவத்தை)

மூன்றாம் தடவையும் பூசினால் மூன்றாம் தடவையும் உதிரும். பெயின்ட் உள்ளே இருக்கும் ஈரத்தை மூடுமே தவிர நிறுத்தாது.

ஒரு சாண் சதுர அலுமினியத் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். பிரித்துப் பார்க்கும்போது சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் துளிர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுத்தாலே பெரும்பாலும் போதும்.

சுவருக்குள்ளிருந்துதான் என்றால், மறுபக்கம் என்ன இருக்கிறது? குளியலறையாக இருந்தால், இரவில் எல்லாக் குழாயையும் பூட்டிவிட்டுத் தண்ணீர் மீட்டரைக் குறித்துவையுங்கள். யாரும் பாவிக்காமலே காலையில் மீட்டர் ஓடியிருந்தால் பைப் எங்கோ கசிகிறது. ஓடவில்லையென்றால் தரை டைல்ஸ் இடுக்குகளில் சந்தேகம் வையுங்கள். குந்தியிருந்து, டோர்ச்சைத் தரையோடு தரையாகச் சரித்துப் பிடித்துப் பாருங்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் மூன்று வருடமாகச் சுவரை நனைத்தது, வடிகால் ஓரத்தில் தலைமயிர் அளவு ஒரு வெடிப்பு. நேராகப் பார்த்தால் தெரியவில்லை. வெளிச்சம் சரிந்தபோதுதான் அதன் நிழல் விழுந்தது.

சுவரில் பூத்திருக்கும் வெள்ளைத் தூள் உப்பு. அதை ஈரத் துணியால் துடைக்காதீர்கள், கரைந்து மறுபடி உள்ளே போகும். காய்ந்த பிரஷால் தட்டி எடுங்கள். கசிவை அடைத்த பிறகும் சுவர் காயச் சில வாரங்கள் எடுக்கும். காய்ந்தபின் பட்டி, பெயின்ட்.

மழை பெய்தாலே ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. அதை எடுத்துவிட்டு நேரடியாக லைனைக் கொடுக்கலாம் என்கிறார் வேலைக்கு வந்தவர். (மட்டக்குளி)

தயவுசெய்து வேண்டாம். அவரைத் திரும்பக் கூப்பிடவும் வேண்டாம். வீடுகளில் பொதுவாக இருக்கும் ட்ரிப் சுவிட்ச், 30 மில்லி அம்பியர் அளவுக்கு மின்சாரம் வெளியே ஒழுகினாலே விழும்படி செய்யப்பட்டது. அது விழுவது பழுதல்ல, உங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றும் வேலை.

எல்லாப் பிளக்கையும் கழற்றி, ட்ரிப் சுவிட்ச் இருக்கும் பெட்டியிலுள்ள சின்னச் சுவிட்சுகள் அனைத்தையும் நிறுத்துங்கள். ட்ரிப் சுவிட்சை ஏற்றி, மற்றவற்றை ஒவ்வொன்றாகப் போட்டு வாருங்கள். எதைப் போடும்போது விழுகிறதோ அந்த லைனில்தான் ஒழுக்கு. மழைக்கு மட்டும் விழுந்தால் கேற் லைட், மொட்டைமாடி லைட், தண்ணீர் மோட்டர் இவற்றில் ஒன்றில் தண்ணீர் இறங்கியிருக்கலாம். அந்த லைனை நிறுத்தியே வைத்து, தகுதியுள்ள எலக்ட்ரீசியனிடம் காட்டுங்கள். வயரைத் தொடும் வேலையை நீங்கள் செய்யாதீர்கள். சுவிட்சிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் உடனே மாற்ற வேண்டும்.

குழாய் சொட்டுகிறது. புதுக் குழாய் வாங்கவா? (பம்பலப்பிட்டி)

திருகித் திறக்கும் பழைய மாதிரிக் குழாயென்றால் வாசர் மாற்றினால் போதும். பழைய வாசரைக் கையோடு ஹாட்வெயார் கடைக்குக் கொண்டுபோய் அளவு பார்த்து வாங்குங்கள்.

பல்கனியில் கறிவேப்பிலை வைத்திருக்கிறேன். இலையை ஏதோ தின்கிறது. சாடிக்குக் கீழே வைத்த தட்டில் தண்ணீர் நின்றதால் டெங்குப் பரிசோதனைக்கு வந்தவர்களும் ஏசிவிட்டார்கள். (வெள்ளவத்தை)

இலையின் மேல் காக்கை எச்சம் போல, கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று ஒட்டியிருக்கிறதா? ஈர்க்கால் மெல்லத் தொடுங்கள். நெளிந்தால் அது வண்ணத்துப்பூச்சிப் புழு. வளர்ந்தால் பச்சையாகிவிடும், பிறகு கண்டுபிடிப்பது கஷ்டம். மருந்து அடிக்காதீர்கள், நீங்கள் சமைக்கும் இலை அது. காலையில் ஒவ்வொன்றாகக் கையால் எடுத்தால் போதும். கடற்காற்று படும் பல்கனியென்றால் வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரால் இலையைக் கழுவுங்கள், உப்புப் படிந்தால் நுனி கருகும்.

தட்டு விஷயத்தில் அவர்கள் சொன்னது சரி. டெங்கு நுளம்பு தண்ணீருக்குச் சற்று மேலே, தட்டின் சுவரில் முட்டை இடும். தண்ணீரை ஊற்றிவிட்டாலும் முட்டை ஒட்டியபடியே மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, மறுபடி நனைந்ததும் பொரிக்கும். முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒரு தடவை தும்புப் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். அதைவிட நல்லது, தட்டையே எடுத்துவிட்டுச் சாடியை இரண்டு செங்கல்லின் மேல் தூக்கி வைப்பது. கறிவேப்பிலை வேருக்கும் தண்ணீர் வடிவதுதான் பிடிக்கும்.