பணம் கட்டி முடித்த பிறகும் கிரிப் (CRIB) கடன் பதிவில் வழக்கு நிற்கிறது, என்ன செய்வது?

கேள்வி: வணக்கம் ஐயா. நான் தலவாக்கலைப் பக்கம். கொழும்புக்கு மரக்கறி ஏற்றுவதற்காக 2018 இல் ஒரு சின்ன லொறியை லீசிங்கில் எடுத்தேன், மச்சான் பிணை நின்றார். கொரோனாவோடு தொழில் படுத்துவிட்டது. தவணை நின்றதும் லொறியைத் தூக்கிக்கொண்டு போய் விற்றார்கள், விற்ற பிறகும் 11 இலட்சம் பாக்கி என்று நுவரெலியா மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். நோட்டீஸ் தோட்டத்து ஆபீசில் கிடந்ததாம், என் கைக்கு வரவே இல்லை. 2022 இல் நான் இல்லாமலேயே தீர்ப்பும் வந்துவிட்டது. 2024 இல் கம்பனியோடு பேசி 6 இலட்சத்து 50 ஆயிரம் ஒரே தடவையில் கட்டினேன், ரசீது இருக்கிறது. இப்போது பசுமை இல்லம் போட்டு குடைமிளகாய் செய்யலாம் என்று வங்கிக்குப் போனால் கிரிப்பில் வழக்கு இருக்கிறது என்று திருப்பி அனுப்புகிறார்கள். அந்தக் கம்பனி வேறொரு கம்பனியோடு சேர்ந்துவிட்டது. 60 ஆயிரம் கொடுத்தால் கிரிப்பை கிளியர் பண்ணித் தருகிறேன் என்று ஹட்டனில் ஒருவர் சொல்கிறார். வங்குரோத்தான ஆளுக்கு இனிக் கடனே கிடைக்காதா?

பதில்: முதலில் அந்த 60 ஆயிரத்தைக் கொடுக்காதீர்கள். கொடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாலும் பரவாயில்லை, கொடுக்காதீர்கள். கிரிப் என்று நாம் சொல்லும் கொடுகடன் தகவல் பணியகம் 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தில் உருவானது. வங்கிகளும் ஃபினான்ஸ் கம்பனிகளும் அனுப்புகிற விபரத்தைச் சேர்த்து வைத்து, இன்னொரு வங்கி கேட்டால் கொடுப்பதுதான் அதன் வேலை. தானாக ஒரு எழுத்தை அழிக்கவோ மாற்றவோ அது செய்யாது. கடன் கொடுத்த கம்பனி திருத்தி அனுப்பினால்தான் அங்கே மாறும். அதனால் வெளியில் நிற்கிற எந்தத் தரகராலும் உள்ளே போய் ஒன்றும் செய்ய முடியாது, ஒன்று உங்கள் காசு போகும், இல்லாவிட்டால் உங்கள் பெயரில் ஒரு பொய்க் கடிதம் போகும், இரண்டாவது நடந்தால் அது வேறு வழக்கு. தொழில் நொடித்து எழும்பி வருகிறவர்களைக் குறிவைத்தே இந்த ஆட்கள் திரிகிறார்கள் என்பதுதான் எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

இரண்டாவது, நீங்கள் வங்குரோத்து இல்லை. நம் நாட்டில் ஒருவரை அப்படி அறிவிக்க 1853 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஒன்று இன்னும் இருக்கிறது. மாவட்ட நீதிமன்றத்தில் தனியாக மனுப்போட்டு, சொத்து கடன் எல்லாவற்றையும் ஒப்படைத்து, கடைசியில் நீதிமன்றத்திடம் சான்றிதழ் வாங்குகிற நீண்ட வழி அது. உங்களுக்கு நடந்தது ஒரு கடனுக்கான ஒரு வழக்கு, ஒரு தீர்ப்பு, அவ்வளவுதான். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், வங்கி விண்ணப்பத்தில் வங்குரோத்தாக அறிவிக்கப்பட்டீர்களா என்று கேட்டிருந்தால் பயத்தில் ஆம் என்று போட்டுவிடாதீர்கள், இல்லை என்பதுதான் உண்மை. கடனுக்காக உங்கள் மேல் வழக்கு இருந்ததா என்று கேட்டால் மட்டும் ஆம் என்று எழுதி, தீர்த்த ஆண்டையும் எழுதுங்கள்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். உங்கள் கடன் மூன்று இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது: நீதிமன்ற வழக்கேட்டில், கம்பனியின் கணக்கில், கிரிப்பில். நீங்கள் காசு கட்டியது கம்பனிக்கு. அது மற்ற இரண்டு இடத்துக்கும் தானாகப் போய்ச் சேராது, நீங்கள்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

நீதிமன்றத்திலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. தீர்ப்பு வந்த பிறகு நீதிமன்றத்துக்கு வெளியே காசு கட்டினால், அந்தக் கொடுப்பனவை வழக்கில் வென்றவர் நீதிமன்றத்துக்குச் சான்றுப்படுத்த வேண்டும் என்று, சிவில் வழக்குகளை நடத்தும் முறையைச் சொல்லும் சட்டமான குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 349 ஆம் பிரிவு சொல்கிறது. அப்படிப் பதியாத கொடுப்பனவை நீதிமன்றம் கணக்கில் எடுக்காது. அதாவது 6 இலட்சத்து 50 ஆயிரத்தை நீங்கள் எண்ணிக் கொடுத்திருந்தாலும் வழக்கேட்டின்படி நீங்கள் இன்னும் முழுத் தொகையும் கொடுக்க வேண்டிய ஆள், நாளைக்கு கம்பனியில் புதிதாக வந்த ஓர் அதிகாரி பழைய ஃபைலைப் புரட்டிப் பார்த்து தீர்ப்பை நிறைவேற்றும் எழுத்தாணை கேட்டால், அதை நிறைவேற்ற வரும் நீதிமன்ற அதிகாரியான பிஸ்கல் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கலாம். கம்பனி சான்றுப்படுத்தாமல் இழுத்தடித்தால் நீங்களே மனுப்போடலாம், அந்த உரிமையும் அதே பிரிவில் இருக்கிறது: நீதிமன்றம் கம்பனிக்கு அறிவித்தல் அனுப்பி, இதைப் பதியக்கூடாது என்பதற்குக் காரணம் இருந்தால் வந்து சொல் என்று கேட்கும், அவர்கள் காரணம் காட்டாவிட்டால் பதியப்படும்.

அதனால் வழக்கு இலக்கத்தை எடுத்துக்கொண்டு நுவரெலியா நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள். இலக்கம் தெரியாவிட்டால் உங்கள் பெயரையும் தீர்ப்பு வந்த ஆண்டையும் கொடுத்துத் தேடச் சொல்லலாம். வழக்கேட்டில் வழக்கு கூப்பிட்ட ஒவ்வொரு நாளும் என்ன நடந்தது என்று திகதிவாரியாக எழுதியிருப்பார்கள், அதில் 2024 க்குப் பிறகு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கொடுப்பனவு பற்றி ஒரு வரி இருந்தால் நல்லது, அந்தப் பக்கத்துக்குச் சான்றுபடுத்திய பிரதி கேட்டு விண்ணப்பியுங்கள். ஒன்றுமே இல்லாவிட்டால் மனுவுக்கு ஒரு சட்டத்தரணி வேண்டும். வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவைப் பாருங்கள், வருமானம் குறைந்தவர்களுக்கு அவர்கள் வழக்குப் பேசுவார்கள். ஏடு சிங்களத்தில் இருக்கும், அதைப் பார்த்துத் தயங்க வேண்டாம், நீதிமன்றத்தில் பாவிக்கிற மொழி தெரியாத தரப்பினருக்கு மொழிபெயர்ப்பும் உரைபெயர்ப்பும் கொடுக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரையிலேயே இருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

நோட்டீஸ் கிடைக்காமலேயே தீர்ப்பு வந்தது உங்களுக்கு ஆறாத கோபம் என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது, அது நியாயமான கோபம். லயத்து விலாசத்துக்கு வரும் கடிதங்கள் தோட்டத்து ஆபீசில் தேங்குவதால் எத்தனையோ பேர் பேச வாய்ப்பே இல்லாமல் தோற்றுப் போகிறார்கள். சாதாரண வழக்காக இருந்தால், தீர்ப்பாணை உங்களுக்குச் சேர்ப்பிக்கப்பட்டு 14 நாளுக்குள் வந்து, வராததற்குக் காரணம் காட்டி அதை நீக்கக் கேட்கலாம். ஆனால் நீங்கள் கடனை ஒப்புக்கொண்டு பேசிக் கட்டியும் முடித்துவிட்டீர்கள், இனி அந்தத் தீர்ப்பையே உடைக்கிறேன் என்று இறங்கினால் சட்டத்தரணிக் கூலிக்கே பசுமை இல்லத்தில் பாதி போய்விடும். கடன் உங்களுடையதே இல்லை, ஒரே பெயருள்ள வேறு ஆளுடையது என்றால் அது வேறு கதை, அப்போது கட்டாயம் உடைக்கத்தான் வேண்டும்.

அடுத்தது கம்பனி. உங்கள் ரசீதை வெளியே எடுத்துப் பாருங்கள். 650,000 ரூபா கிடைத்தது என்று மட்டும் எழுதியிருக்கிறதா, இல்லை, கடன் முழுதாகத் தீர்ந்தது, இனி ஒரு சதமும் பாக்கி இல்லை என்று எழுதியிருக்கிறதா? முதலாவது என்றால் கம்பனியின் கணக்கில் மீதி 4 இலட்சத்து 50 ஆயிரமும் வட்டியும் இன்னும் பாக்கியாகவே ஓடிக்கொண்டிருக்கலாம், இல்லாவிட்டால் வராத கடன் என்று பதிவழித்திருக்கலாம், இரண்டும் கிரிப்பில் உங்களுக்குக் கெடுதி. ரசீது வேறு, தீர்வுக் கடிதம் வேறு. உங்களுக்குத் தேவை அந்தக் கடிதம். கம்பனி இன்னொன்றோடு சேர்ந்தது தடை இல்லை, பழைய கம்பனியின் கடன்களையும் வழக்குகளையும் ஏற்றுக்கொண்ட கம்பனிதான் பொறுப்பு, கிளையில் அலையாமல் தலைமையகத்துக்கே எழுதுங்கள். இப்படி எழுதினால் போதும்:

“எனது அடையாள அட்டை இலக்கம் இது, லீசிங் ஒப்பந்த இலக்கம் இது, வழக்கு இலக்கம் இது. இந்தத் திகதியில் 650,000 ரூபா கட்டி இந்தக் கடனை முழுதாகத் தீர்த்துள்ளேன், ரசீதின் பிரதி இணைத்துள்ளேன். என்னிடமும் பிணையாளியிடமும் வரவேண்டியது எதுவும் இல்லை என்ற கடிதத்தைத் தரவும், கொடுப்பனவை நீதிமன்றத்துக்குச் சான்றுப்படுத்தவும், கொடுகடன் தகவல் பணியகத்தில் உள்ள விபரத்தைத் தீர்க்கப்பட்டது எனத் திருத்தி அனுப்பவும் வேண்டுகிறேன்.”

ஆங்கிலத்தில் ஒரு பிரதியும் சேர்த்துப் பதிவுத் தபாலில் போடுங்கள், தபால் துண்டைப் பத்திரமாக வையுங்கள். அடையாள அட்டை இலக்கத்தில் ஒரு கவனம்: 2018 இல் பழைய 9 இலக்கமும் எழுத்தும் உள்ள அட்டையைக் காட்டியிருந்து இப்போது புதிய 12 இலக்க அட்டை வைத்திருந்தால் இரண்டையும் எழுதுங்கள். பெயரின் எழுத்தும் முதலெழுத்தும் ஒப்பந்தத்தில் எப்படி இருந்ததோ அப்படியே போடுங்கள், நம் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கு ஒரு விதமாக எழுதி வைத்திருப்பார்கள்.

பதில் வரவில்லையா, வந்த பதில் மழுப்பலா? மத்திய வங்கியின் 1935 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள், நிதி நிறுவன வாடிக்கையாளர்களின் முறைப்பாட்டை அங்கே எடுப்பார்கள். வங்கி, ஃபினான்ஸ் கம்பனி முறைப்பாடுகளை விசாரிக்கிற நிதி ஒம்புட்ஸ்மனும் இருக்கிறார். எங்கே போனாலும் முதல் கேள்வி, கம்பனிக்கு எழுத்தில் அறிவித்தீர்களா என்பதுதான், அதற்குத்தான் அந்தத் தபால் துண்டு.

கிரிப் அறிக்கையை நீங்களே எடுத்துப் பாருங்கள், வங்கி சொன்னதை வைத்து மட்டும் ஓடாதீர்கள். உங்களைப் பற்றிய அறிக்கையைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு, கட்டணம் கட்டி ஒன்லைனிலேயே எடுக்கலாம். பிழை இருந்தால் கிரிப்பிடமே ஆட்சேபனை கொடுக்கலாம், அவர்கள் அதைக் கம்பனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். அப்புறம், இந்த வேலை முடியும் வரை வேறு வங்கிகளில் விண்ணப்பம் போடாதீர்கள், ஒவ்வொரு வங்கியும் உங்கள் அறிக்கையைத் திறந்து பார்த்ததும் அதில் பதியும், நாலு இடத்தில் கேட்டு நாலும் இல்லை என்றால் ஐந்தாவது மனேஜர் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

எல்லாம் சரிவந்தாலும் அந்தக் கடன் மாயமாக மறைந்துவிடாது. திருத்தம் என்பது, பாக்கி, வழக்கு என்று இருப்பது தீர்க்கப்பட்டது என்று மாறுவது, பழைய தாமதம் கொஞ்ச காலம் தெரியத்தான் செய்யும். பத்து வருஷம் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் அழிந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். தீர்ப்பாணை வந்து 10 ஆண்டுக்குப் பிறகு அதை நிறைவேற்றித் தரும்படி கேட்க முடியாது என்று குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 337 ஆம் பிரிவில் இருப்பது உண்மைதான், ஆனால் அது நீதிமன்றத்துக்கான காலக்கெடு, கம்பனி கிரிப்புக்கு அனுப்பும் விபரத்தை அது துடைக்காது. காசு கட்டிய நீங்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

கிரிப்பில் பெயர் இருந்தால் கடன் கொடுக்கக்கூடாது என்று சட்டம் இல்லை, முடிவு வங்கியுடையது. திருத்திய அறிக்கை, தீர்வுக் கடிதம், நீதிமன்றப் பிரதி மூன்றையும் ஒரு ஃபைலில் போட்டு, உங்கள் சேமிப்புக் கணக்கு இருக்கிற வங்கிக்கே போய் மனேஜரைப் பாருங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் போகத்துக்குப் பாதி அளவு பசுமை இல்லம்தான் போடுவேன், அதற்குச் சின்னக் கடனாகக் கேட்டு, ஒரு தவணையும் பிந்தாமல் கட்டிக் காட்டி, அந்தப் பதிவைப் பழையதற்கு மேலே ஏற்றிய பிறகு மிச்சத்துக்குப் போவேன். கடைசியாகச் சறுக்கியது தவணையில், நல்ல பெயர் திரும்புவதும் தவணையில்தான்.

இன்னொன்று, உங்கள் மச்சான். பிணை நின்றவர்களின் பொறுப்பும் கிரிப் அறிக்கையில் வரும், தீர்ப்பில் அவர் பெயரும் இரண்டாம் பிரதிவாதியாக இருக்கலாம், அவருக்கு அது தெரியாமலே கூட இருக்கலாம். அவரையும் ஓர் அறிக்கை எடுக்கச் சொல்லுங்கள், அந்தக் கட்டணத்தை நீங்களே கட்டுங்கள், நீதிமன்ற மனுவிலும் அவர் பெயரைச் சேர்க்கச் சொல்லிச் சட்டத்தரணியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.