புது வீட்டுக்குப் பழைய சாக்கு

(வீட்டுப் பிராணிகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, பாளையங்கோட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அக்கா, வீரவநல்லூரில் இருந்த எங்கள் பழைய வீட்டை விற்றுவிட்டோம். வாங்கியவர்கள் இடித்துக் கட்டப்போகிறார்கள். ஆவணியில் பாளையங்கோட்டை கே.டி.சி. நகரில் பால்காய்ப்பு. எங்களிடம் ஒரு கடுவன் பூனையும் ஒரு பெட்டையும் இருக்கின்றன. மடியில் வைத்துக் கொஞ்சி வளர்த்தவை இல்லை. தொழுவத்தில் படுத்து, புறவாசலில் சோறு தின்று, ஓட்டு மேலேயே திரிந்தவை. "நாய்தான் ஆளோடு வரும், பூனை வீட்டோடுதான் இருக்கும், விட்டுட்டு வா" என்கிறார் அத்தை. எனக்கு மனசு கேட்கவில்லை. கூட்டிக்கொண்டு போனால் தங்குமா?
— வாசகி, வீரவநல்லூர்

பதில்: அத்தை சொன்னதில் பாதி சரி, தாயி. பூனைக்கு இடம்தான் பெரிது. ஆனால் அது இடத்தைக் கண்ணால் தெரிந்துவைப்பதைவிட மூக்கால் தெரிந்துவைப்பது அதிகம். கதவு நிலையில், தூணில், உங்கள் காலில் கன்னத்தைத் தேய்க்கிறதே, அது வெறும் கொஞ்சல் இல்லை. கன்னத்தில் இருக்கும் சுரப்பியிலிருந்து தன் வாசனையைத் தடவிவிட்டுப் போகிறது. 'இது என் இடம்' என்று அது எழுதிவைக்கும் பட்டா அது. புது வீட்டில் அந்தப் பட்டா இல்லை, அதனால்தான் ஓடுகிறது. பழைய வாசனையை நீங்கள் கையோடு கொண்டுபோய்விட்டால் பாதி வேலை முடிந்தது.

இதை நான் புத்தியாகக் கற்றுக்கொள்ளவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முப்பது வருஷ வேலையில் என்னிடம் வந்ததெல்லாம் மாடும் ஆடும் கோழியும். பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். முருகன்குறிச்சிப் பக்கம் இருந்த வாடகை வீட்டிலிருந்து பெருமாள்புரத்துக்கு நாங்கள் மாறியபோது, வீடு முழுக்கப் பினாயில் ஊற்றிக் கழுவினேன். பூனை படுத்த பழைய சாக்கை 'சீ, நாற்றம்' என்று குப்பையில் போட்டேன். புதுசாக ஒரு மெத்தை வாங்கினேன். மூன்றாம் நாள் காலை பால்காரருக்குக் கதவைத் திறந்தேன், அவ்வளவுதான். பதினோராம் நாள் பழைய வீட்டுப் பக்கத்து வீட்டம்மா போன் செய்தார்: "உங்க பூனை எங்க மதில் மேல உட்கார்ந்து உங்க பூட்டின கதவையே பாத்துக்கிட்டு இருக்கு." போய்த் தூக்கிவந்தேன். நாலு நாளில் மறுபடியும் அங்கேதான். மூன்றாவது தடவை ஒரு மாதம் உள்ளேயே வைத்திருந்தேன். அதற்கப்புறம் போகவில்லை. எனக்கு இரண்டு தடவை அதிர்ஷ்டம் இருந்தது. உங்கள் புது வீட்டுப் பக்கம் நான்குவழிச் சாலை போகிறது. அங்கே அதிர்ஷ்டத்தை நம்ப முடியாது.

பினாயிலைப் பற்றி ஒன்று. கருப்புப் பினாயில் பூனைக்கு விஷம். அதில் உள்ள சரக்கை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது. தரையில் நடந்துவிட்டு அது காலை நக்கும், விஷம் உள்ளே போய்விடும். பூனை இருக்கப்போகும் அறையை வெறும் தண்ணீரில் கழுவுங்கள். அலமாரியில் அந்துருண்டையும் வேண்டாம்.

சரி, முதல் தலைவலி பிடிப்பது. தொழுவத்துப் பூனை கைக்கு வராது, பிடித்தால் பிறாண்டும். தக்காளி வரும் பிளாஸ்டிக் கிரேடு மார்க்கெட்டில் கிடைக்குமே, பூனைக்கு இரண்டு கிரேடு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை நிமிர்த்தி, மற்றதை அதன்மேல் கவிழ்த்து, ஒரு பக்கம் கம்பியால் கீல் மாதிரிக் கட்டினால் மூடியோடு கூடிய கூண்டு தயார். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பே தொழுவத்தில் வைத்து, மூடியைச் சாய்த்துத் திறந்துவைத்து, உள்ளே அது படுக்கும் சாக்கைப் போட்டு, தினமும் சோற்றை அதற்குள்ளேயே வையுங்கள். முதல் இரண்டு நாள் முறைக்கும். அப்புறம் சாளை மீன் வாசத்துக்குத் தானாக உள்ளே போகும். தட்டைக் கரண்டியால் தட்டிவிட்டுச் சோறு வைப்பதை இப்போதே வழக்கமாக்குங்கள். அந்தச் சத்தம் பின்னால் வேண்டும்.

கோணிச்சாக்கில் போட்டுக் கட்டி, வண்டியின் பின்னால் எறிந்து கொண்டுபோகாதீர்கள். காற்றில்லாமல், சூட்டிலேயே செத்துப்போகும். கிளம்புவதற்கு நாலைந்து மணி நேரம் முன்பிருந்து தீனி வேண்டாம், வழியில் வாந்தி எடுக்கும். வெயில் ஏறுமுன் விடியக்காலையில் புறப்படுங்கள். பழைய வேட்டியால் கூண்டை மூடி, காற்றுக்கு ஒரு பக்கம் விடுங்கள். இரண்டையும் ஒரே கூண்டில் அடைக்காதீர்கள், எவ்வளவு சிநேகமாக இருந்தாலும் பயத்தில் ஒன்றையொன்று கடிக்கும்.

பால்காய்ப்பு அன்று மட்டும் கொண்டுபோகவே வேண்டாம். ஹோமப் புகை, மைக் செட், நூறு சொந்தக்காரர்கள், எல்லாக் கதவும் திறந்து கிடக்கும். விருந்தாட்கள் போய் இரண்டு நாள் கழித்துக் கூட்டி வாருங்கள். அதுவரை பழைய வீட்டில் யாராவது ஒருவர் படுத்து எழுந்தால் போதும்.

புது வீட்டில் ஒரே ஓர் அறை. சாமான் அறையோ, மாடி அறையோ, ஜன்னலுக்குக் கம்பிவலை இருக்கவேண்டும். கொசுவலையை ஒரு நகத்தில் கிழித்துவிடும். அந்த அறையில் பழைய சாக்கு, துவைக்காமல். ஒரு மூலையில் தண்ணீரும் சோறும், எதிர் மூலையில் அகலமான தட்டில் மண். அந்த மண்ணுக்குத்தான் பழைய வீட்டிலிருந்து இரண்டு மூட்டை கொண்டுவரச் சொல்வேன். உங்கள் வீட்டுக்காரர் சிரிப்பார், பரவாயில்லை. தொழுவத்தோரம் அவை தோண்டி மூடுமே, அந்த மண். ஒரு மூட்டை தட்டுக்கு. இன்னொன்றைப் பின்னால் புறவாசல் மூலையில் கொட்டிவையுங்கள். வெளியே வரும்போது தன் மண்ணை அது அங்கே கண்டுபிடிக்கும். ஒரு பருத்தித் துணியால் பூனையின் கன்னத்தைத் துடைத்து, அறையின் கதவு நிலையில், பூனை உயரத்தில், தேய்த்துவிடுங்கள். பட்டாவை நாமே பதிவு செய்து கொடுப்பதுபோல. தொட விடாத கடுவனுக்கு அது படுத்த சாக்கையே தேய்த்தால் போதும்.

இரவில் கத்தும். அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். அத்தை 'பாவம், திறந்துவிடு' என்பார். திறக்காதீர்கள். பெட்டைக்கு மூன்று வாரம், கடுவனுக்கு நாலு. வாரம் போகப்போக ஒவ்வோர் அறையாக வீட்டுக்குள் விடலாம்.

முதன்முதலாக வெளியே விடும் நாள் மாலை, வழக்கமான சோற்று நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கட்டும். வயிறு காய்ந்திருக்கவேண்டும். கதவைத் திறந்துவைத்துவிட்டு நீங்கள் படியில் உட்காருங்கள், தூக்கிக்கொண்டுபோய் வெளியே விடாதீர்கள். அதுவாக வரட்டும், அதுவாக முகரட்டும். பத்து நிமிஷத்தில் தட்டைத் தட்டுங்கள். சோறு உள்ளேதான். மறுநாள் கால் மணி நேரம். இப்படியே கூட்டிக்கொண்டு போங்கள். இருட்டியபின் உள்ளே அடைப்பதை ஒரு மாதமாவது விடாதீர்கள்.

கடுவனுக்குக் கருத்தடை செய்துவிடுங்கள். செய்யாத கடுவன் ரொம்பத் தூரம் சுற்றும், அந்தத் தெருவின் பழைய கடுவனோடு சண்டை போட்டுச் சீழ் பிடித்து வரும். பெட்டைக்கும் செய்வது நல்லது. இல்லாவிட்டால் வயிற்றில் பிடித்து ஒன்பது வாரத்தில் புது வீட்டுப் பரணில் குட்டி கிடக்கும். ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியை இடம் மாறுவதற்கு முன்பே போட்டுவிட்டால் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் நல்லது.

கேள்வி: இரண்டு தெரு தள்ளித்தான் வீடு மாறினோம். பூனை தினமும் பழைய வீட்டுக்கே போய்விடுகிறது. புதிதாகக் குடிவந்தவர்கள் பாவம் பார்த்துப் பால் ஊற்றுகிறார்கள்.
— வாசகர், திருநெல்வேலி டவுண்

பதில்: பக்கத்து மாற்றம்தான் பூனைக்குக் கஷ்டம். பழைய வழியெல்லாம் அதற்குத் தெரிந்த வழி. அவர்களிடம் போய்த் தன்மையாகச் சொல்லுங்கள்: சோறு வேண்டாம், பால் வேண்டாம், கண்டால் 'ஷூ' என்றால் போதும். கையில் கொஞ்சம் பழம் வாங்கிக்கொண்டு போங்கள், அப்போதுதான் கேட்பார்கள். பிறகு மேலே சொன்ன மாதிரி நாலு வாரம் அடைப்பு. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, பேதியாகும். அதையும் சொல்லிவையுங்கள்.

கேள்வி: பூனையைச் சாக்கில் போட்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டால் திரும்பும் வழி மறந்துவிடும் என்கிறார் என் மாமியார். உண்மையா?
— வாசகி, மேலப்பாளையம்

பதில்: என் பாட்டியும் இதைத்தான் செய்தார். சுற்றியதில் பாட்டிக்குத்தான் தலைசுற்றல் வந்தது. பூனை அவர் வீட்டுக்கு வருமுன் வந்து சேர்ந்துவிட்டது.

கேள்வி: வீடு மாறி இரண்டு நாளாகிறது. பூனை பரணில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கவே இல்லை. தட்டு வைத்தபடியே இருக்கிறது. காய்ச்சலாக இருக்குமோ என்று பாதி மாத்திரை கொடுக்கலாமா?
— வாசகர், மணிமுத்தாறு

பதில்: கொடுக்காதீர்கள்! நாம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும், பாதி மாத்திரை என்றாலும். பினாயிலுக்குச் சொன்ன அதே காரணம்தான், அதன் ஈரலால் அதைக் கையாள முடியாது. ஒளிவது பயத்தால், அது சகஜம். பரணுக்கே தண்ணீரையும் உப்புக் காரம் போடாமல் வேகவைத்த மீனையும் ஏற்றிவைத்து, விளக்கை அணைத்துவிட்டு ஒதுங்கிவிடுங்கள். ராத்திரி ஆளரவம் அடங்கியபின் தின்றால் சரியாகிவிடும். ஆனால் இரண்டு நாள் ஆகிவிட்டது, இன்று ராத்திரியும் ஒன்றுமே தின்னவில்லை என்றால், முக்கியமாகக் கொழுத்த பூனை என்றால், ஈரல் கெட ஆரம்பிக்கும். அப்போது காத்திருக்க வேண்டாம், மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கடுவனாக இருந்து, மண்ணில் உட்கார்ந்து முக்கியும் ஒன்றுக்கு வராவிட்டால் இரண்டு நாள் கணக்கெல்லாம் கிடையாது. அன்றைக்கே, அந்த நேரமே கிளம்புங்கள்.