மெஷின் புதுசு, ரெசிபி பழசு

கேள்வி: பழைய சாஃப்ட்ஃப்ளோ சாய மெஷினை எடுத்துவிட்டு, தண்ணீர் குறைவாகக் குடிக்கும் புது 200 கிலோ மெஷின் போட்டு எட்டு மாதம் ஆகிறது. கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணீர் என்ற 1:8 விகிதம் 1:5 ஆகும் என்றார்கள். கிலோவுக்கு ஆகும் செலவு இறங்கவில்லை. டார்க் ஷேடு வேறு அடிக்கடி தப்புகிறது. மெஷினில் குறையா?
– சாயப்பட்டறை உரிமையாளர், திருப்பூர்

பதில்: மெஷினைச் சந்தேகப்படும் முன் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். 200 கிலோ காட்டன் நிட் துணி, டிரெயின் செய்த பிறகும் சுமார் 500 லிட்டரைத் தனக்குள் பிடித்து வைத்திருக்கும். எனவே இரண்டாவது பாத்திலிருந்து (ஒவ்வொரு முறை தண்ணீர் நிரப்பி ஓட்டுவதும் ஒரு பாத்) 500 லிட்டர் விட்டாலே 1:5 வந்துவிடும். ஒவ்வொரு முறையும் 1,000 லிட்டர் விட்டால் உள்ளே இருப்பது 1,500, அதாவது 1:7.5. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மிச்சம் அங்கேயே போயிற்று. சாயத்தைத் துணியில் பிடிக்க வைக்கும் சோடா ஆஷைக் கரைக்க ஊற்றும் புதுத் தண்ணீரும் இந்தக் கணக்கில்தான் வரும். பாத் தண்ணீரையே திருப்பி எடுத்துக் கரையுங்கள்.

அடுத்து, சாயத்தைத் துணியில் ஏற்றும் உப்பு. லிட்டருக்கு 60 கிராம் என்றால் 1:8-இல் 1,600 லிட்டருக்கு 96 கிலோ, 1:5-இல் 1,000 லிட்டருக்கு 60 கிலோ. பழைய ரெசிபிப்படி 96 கிலோவையே கொட்டினால் சாயம் துணியில் அவசரமாக ஏறித் திட்டு விழும். ஒரு லாட்டுக்கு, அதாவது ஒரு தடவை மெஷினில் போடும் துணிக்கு, 36 கிலோ என்பது சின்ன விஷயமில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியே போகக் கூடாது என்பதுதானே நிலைமை? அதனால் உப்பை வாங்கும்போது ஒரு செலவு, ஆர்.ஓ. வடிகட்டி கழித்த நீரை ஆவியாக்கி அதைப் பிரிக்கும்போது இன்னொரு செலவு.

ஷேடு தப்புவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது துணியை வெளுக்கப் போடும் பெராக்சைடை. பிளீச்சிங் முடிந்து துணியில் தங்கும் அந்த 500 லிட்டர், முன்பு 1,600-இல் கலந்து நீர்த்தது. இப்போது 1,000-இல் கலக்கிறது. மிச்சப் பெராக்சைடு ரியாக்டிவ் சாயத்தைக் கெடுத்துவிடும். அதை அழிக்கும் கில்லர் என்சைம் ஓட்டியபின் டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் பார்க்காமல் சாயம் விடாதீர்கள். லேபில் சின்னத் துணியில் போட்டுப் பார்க்கும் லேப் டிப்பையும் பழைய விகிதத்தில் போடாமல், முடிந்தவரை 1:5-க்கு நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள். குறைந்த தண்ணீரில் சாயம் கூடுதலாக ஏறும். அதே சதவீதம் போட்டால் ஷேடு கறுக்கும். சோடா ஆஷை 30–40 நிமிடத்தில், முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் டோசிங் செய்ய வேண்டும். துணி ஒரு சுற்று வர மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்தால் லோடைக் குறையுங்கள். 200 கிலோ மெஷினில் 220 திணிப்பது நம் ஊர் வழக்கம். இந்த மெஷின் அதைப் பொறுக்காது.

கேள்வி: புது மெஷினால் லாபம் வந்ததா என்று எதை வைத்துப் பார்ப்பது?
– கணக்காளர், ஈரோடு

பதில்: வருட லாபத்தை வைத்துப் பார்க்காதீர்கள், சாய விலையும் ஆர்டர் ஏற்ற இறக்கமும் அதைக் குழப்பிவிடும். கிலோ துணிக்கு எத்தனை லிட்டர், எத்தனை கிராம் உப்பு, நூறு லாட்டில் எத்தனை முதல் தடவையே ஷேடு பிடித்தது என்று மாதாமாதம் எழுதுங்கள். மாற்றுவதற்கு முந்தைய மூன்று மாதக் கணக்கும் பக்கத்தில் இருக்கட்டும். ஷேடு தப்பி ரீப்ராசஸ் ஆன லாட்டின் தண்ணீரையும் உப்பையும் தனியாக ஒதுக்காமல் அந்த மாதக் கணக்கிலேயே சேருங்கள். கடன் வட்டியை இதில் கலக்க வேண்டாம்.