இரட்டை கோர் கேமிங் கணினிக்கு எந்த மதர்போர்டு? – கேள்வி பதில்

2008 நடுவில் என்ன கிடைக்கிறதோ அதை வைத்துப் பதில் சொல்கிறேன். பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை மூன்றையும் எழுதிவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: கோர் 2 டுவோ இ8400 வாங்கப் போகிறேன் அண்ணா. கேம் ஆடத்தான். பி35 போதுமா, பி45 வேண்டுமா, எக்ஸ்38 வரை போகணுமா?

பதில்: மூன்றும் இன்டெல் சிப்செட், அதாவது போர்டின் மையச் சிப்களின் பெயர். ஒரே கிராபிக்ஸ் கார்டு என்றால் பி35 தாராளம். கேம் எவ்வளவு வேகமாக ஓடும் என்பது பெரும்பாலும் கார்டின் கையில் இருக்கிறது. அதே பிராசஸரையும் கார்டையும் இந்த மூன்றிலும் மாட்டினால் ஆடும்போது வித்தியாசமே தெரியாது. போர்டில் மிச்சம் பிடித்ததைக் கார்டில் போடுங்கள்.

இரண்டாவது கார்டு போட்டால்தான் கதை மாறும். பி35இல் இரண்டாவது நீள ஸ்லாட் பார்க்க முதலாவது மாதிரியே இருக்கும். உள்ளே நான்கு லேன்தான் (லேன் என்பது தகவல் போகும் பாதை), அதுவும் சவுத்பிரிட்ஜ் என்ற துணைச் சிப் வழியாகச் சுற்றிக்கொண்டு வரும். பி45 பதினாறு லேனை எட்டு எட்டாகப் பங்கு போடும். எக்ஸ்38 இரண்டு ஸ்லாட்டுக்கும் முழுசாகப் பதினாறு தரும். இதெல்லாம் ஏடிஐ கார்டு இரண்டைச் சேர்த்து ஓட்டும் கிராஸ்ஃபயருக்கு.

முக்கியமான ஒன்று: பயாஸ், அதாவது கணினியை எழுப்பிவிடும், போர்டுக்குள்ளேயே இருக்கிற மென்பொருள். இ8400 என்பது 45 நானோமீட்டர் சிப், இந்த வருஷம்தான் வந்தது. பி35 போர்டுகளோ 2007இலேயே வந்தவை. பழைய பயாஸோடு இருக்கிற போர்டு கையில் வந்தால் ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே கிடக்கும். தயாரிப்பாளரின் பட்டியலில் உங்கள் பிராசஸருக்கு நேரே எந்தப் பதிப்பு வேண்டும் என்று இருக்கும். பல போர்டுகளில் பயாஸ் சிப் மேல் குட்டி ஸ்டிக்கர் ஒட்டி அந்த எண்ணை அச்சடித்திருப்பார்கள். காசு கொடுப்பதற்கு முன் பாருங்கள்.

கேள்வி: பி45 போர்டில் இரண்டு 8800 ஜிடி போட்டு எஸ்எல்ஐ பண்ணலாமா சார்?

பதில்: முடியாது. எஸ்எல்ஐ என்பது என்விடியா கார்டு இரண்டைச் சேர்த்து ஓட்டுவது, அதற்கு என்விடியாவின் என்ஃபோர்ஸ் சிப்செட் வேண்டும். அந்தச் சிப்செட் நன்றாகவே சூடாகும். என்னைக் கேட்டால் ஒரே நல்ல கார்டு. பவர் சப்ளை என்னவென்று எழுதவில்லையே? கேஸோடு சேர்ந்து வந்தது என்றால் இரண்டு கார்டு நினைப்பையே விடுங்கள்.

கேள்வி: டிடிஆர்3 மெமரி போடுகிற போர்டு வாங்கினால் வேகமா?

பதில்: இப்போதைக்குத் தண்டச் செலவு. இ8400இன் பஸ் (பிராசஸருக்கும் போர்டுக்கும் இடையிலான இணைப்பு) 333 மெகாஹெர்ட்ஸ், அதைப் பெருக்கும் எண்ணான பெருக்கி 9, ஆக 3.0 கிகாஹெர்ட்ஸ். டிடிஆர் மெமரியின் எண் அதன் கடிகார வேகத்தைப் போல இரு மடங்கு, அதனால் இதற்கு டிடிஆர்2 667 சரிக்குச் சரி. டிடிஆர்2 800 போட்டால் பஸ்ஸை 400 வரை தள்ளினாலும் மெமரி கூடவே வரும், பிராசஸர் 3.6இல் நிற்கும்.

கேள்வி: இரண்டு கோரில் காசைப் போடுவதே வீண். நாலு கோர் க்யூ6600 வாங்கச் சொல்லாமல் ஏன் இந்த வம்பு?

பதில்: வாங்க, உங்களைத்தான் எதிர்பார்த்தேன். இன்றைய கேம்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு கோரைத்தான் பிழிகின்றன. அந்த இரண்டும் க்யூ6600இன் 2.4இல் ஓடுவதைவிட இ8400இன் 3.0இல் ஓடுவது மேல். க்யூ6600இன் மற்ற இரண்டும் சும்மா உட்கார்ந்திருக்கும்.

கேள்வி: அப்போ சுப்ரீம் கமாண்டர் கேம்? அது நாலையும் பயன்படுத்துகிறதே!

பதில்: பயன்படுத்துகிறது, ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் அதை மட்டுமே ஆடுவீர்கள் என்றால் க்யூ6600 எடுங்கள்.

கேள்வி: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். க்யூ6600ஐயும் ஓவர்கிளாக் பண்ணி வேகத்தைக் கூட்டலாமே?

பதில்: பண்ணலாம். அதற்கும் பெருக்கி 9தான். பஸ்ஸை 266இலிருந்து 333 ஆக்கினால் அதே 3.0 வந்துவிடும், கூடவே சூடும் வரும். வீடியோ வெட்டி ஒட்டுபவர், கணினியைப் பல வருஷம் மாற்றாதவர் நாலு கோர் வாங்கட்டும், சண்டையில்லை. கேம் மட்டும் என்பவர் இப்போது இ8400 போட்டுவிட்டு, தேவைப்பட்டால் பிறகு அதே 775 சாக்கெட்டில் நாலு கோர் மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: இ8400க்கு நல்ல போர்டு சொல்லுங்க.

பதில்: முதல் பதில். பயாஸ் பத்தியை இரண்டு தடவை படியுங்கள்.

கேள்வி: என் பழைய ஐடிஇ ஹார்ட் டிஸ்க் பி35இல் ஓடுமா?

பதில்: பி35இன் இன்டெல் சிப்செட்டில் ஐடிஇ என்ற அந்தப் பழைய இணைப்பு கிடையாது. பல போர்டுகளில் தனிச் சிப் வைத்து ஒரு கனெக்டர் தருகிறார்கள். படத்தில் அது இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: ஏஎம்டி அத்லான் எக்ஸ்2க்கு?

பதில்: அந்தப் பக்கம் எனக்குப் பழக்கமில்லை. ஏஎம்2 சாக்கெட் தெரிந்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: இ8400க்கு எந்த போர்டு பெஸ்ட்?

பதில்: மேலே.

கேள்வி: பிராசஸர் மாட்டியதும் 70 டிகிரி காட்டுகிறது. போர்டு கோளாறா?

பதில்: பெரும்பாலும் கூலர் சரியாக உட்கார்ந்திருக்காது. இன்டெல் கூலரின் நான்கு பின்களையும் எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள், ஒவ்வொன்றும் டிக்கென்று சத்தம் போட வேண்டும். பிறகு போர்டின் பின்புறத்தைப் பாருங்கள்: நான்கு ஓட்டையிலும் வெள்ளைப் பின் விரிந்து, நடுவே கறுப்புக் குச்சி எட்டிப் பார்க்க வேண்டும். ஒன்று வராவிட்டாலும் கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டுதான் நிற்கும். கழற்றினால் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வையுங்கள். சாக்கெட்டுக்குள் மட்டும் விரல் போகக் கூடாது. 775இல் பின்கள் போர்டில்தான் இருக்கின்றன. ஒன்று வளைந்தாலும் போர்டே போச்சு.

கேள்வி: நான்தான் சார், நாலு கோர் ஆள். க்யூ6600 வாங்கியாச்சு. போர்டு?

பதில்: பி35தான், விஆர்எம் (பிராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) மேல் ஹீட்சிங்க் இருப்பதாக எடுங்கள். பிராசஸர் பெட்டியில் எஸ்எல்ஏசிஆர் என்று இருந்தால் ஜி0 ஸ்டெப்பிங், அதாவது திருத்திய பதிப்பு, 95 வாட். இல்லையென்றால் பழைய பி3, 105 வாட். மாற்றித் தருவார்களா என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.